4500-இல் ஒரு கோலம்: மைக்ரோபிராசசர் லேப் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளில் மைக்ரோபிராசசர் லேப் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். நான் மயிலாப்பூர்க்காரி. சிறு கருவிகளுக்குள் ஓடும் நிரல்களை எழுதுவது என் தொழில். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. செமஸ்டரின் கடைசி லேப் வகுப்புகளில் மாணவர்கள் ஒரு படத்தை உருவாக்கட்டும். சின்னச் சின்னக் கட்டங்களை அடுக்கிச் செய்த படம். அதை அசெம்பிளியில், தங்கள் கையாலேயே எழுதட்டும்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்ல என் லேப் நாட்களிலிருந்து தொடங்க வேண்டும்.

4100 என்ற எண்ணை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் 8085 மைக்ரோபிராசசர் கிட்டைத் தொட்டவர்கள் பலருக்கும் அது கதவு எண் மாதிரி மனப்பாடம். நிரல் 4100-இல் தொடங்கும். விடை 4500-இல் இருக்கும். 2002-இல், மூன்றாம் ஆண்டு மாணவியாக, நானும் அந்த இரண்டு எண்களோடு ஒரு செமஸ்டரைக் கழித்தேன். இரண்டு எண்களைக் கூட்டினோம், பெருக்கினோம், பத்து எண்களை ஏறுவரிசையில் அடுக்கினோம், ஸ்டெப்பர் மோட்டாரைச் சுழற்றினோம். விடை தவறாக வந்தால் பக்கத்து மேசைக்காரியின் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்வோம். எங்கே தவறினோம் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. 37 வர வேண்டிய இடத்தில் 52 என்று சிவப்பு எழுத்தில் ஒளிர்ந்தால், அந்த 52 எங்களிடம் என்ன சொல்லும்? தவறு என்று மட்டும் சொல்லும். எப்படிப்பட்ட தவறு என்று சொல்லாது. செமஸ்டர் முடிந்தபோது ரெக்கார்ட் நோட்டு நிறைந்திருந்தது. 4500 என்பது ஓர் இடம் என்ற உணர்வு மட்டும் எனக்கு வரவே இல்லை.

அந்த உணர்வைத் தந்தது ஒரு கால்குலேட்டர். அமெரிக்காவில் படிப்பை முடித்த என் பெரியப்பா பெண் 2003-இல் ஊருக்கு வந்தபோது, இனி தேவையில்லை என்று தன் டிஐ-83 பிளஸைக் கொடுத்துவிட்டுப் போனாள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1999-இல் வெளியிட்ட வரைபடக் கால்குலேட்டர் அது. பரீட்சைக்கு எடுத்துப்போக முடியாது. நமக்கு அனுமதி நிரலேற்ற முடியாத கால்குலேட்டருக்குத்தான். அதனால் அது என் மேசையிலேயே கிடந்தது. ஒருநாள் அதன் உள்ளே இருப்பது இசட்80 என்று படித்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். இன்டெல் 8080-க்கு எழுதிய இயந்திரக் குறியீடு அப்படியே ஓட வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது இசட்80. சைலாக் நிறுவனம் 1976-இல் அதை வெளியிட்டது. நம் 8085-உம் அதே 8080-இன் வழிவந்ததுதான். பெயர்கள் வேறு, எண்கள் ஒன்று. நாம் எல்எக்ஸ்ஐ எச் என்று எழுதுவதை இசட்80-காரர்கள் எல்டி எச்எல் என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் குறியீடு 21. நம் டாட் எச் அங்கே ஆட் எச்எல், எச்எல். இரண்டுக்கும் 29. நிறுத்தச் சொல்லும் கட்டளைக்கு இரண்டிலும் 76. லேப்பில் நான் பார்த்துப் பார்த்துத் தட்டிய அதே எண்கள் கடல் கடந்து வந்த ஒரு கால்குலேட்டருக்கும் புரியும்! அந்தக் கால்குலேட்டரில் கணினி இல்லாமலேயே இயந்திரக் குறியீட்டை நேரே தட்டி ஓட்டவும் முடியும். நம் கிட்டைப் போலவேதான். ஒரே வித்தியாசம், கிட்டில் இருப்பது ஆறு இலக்க விளக்குகள். கால்குலேட்டரில் ஒரு திரை இருந்தது.

அந்தத் திரை குறுக்கே 96 புள்ளி, நெடுக்கே 64 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிட். மொத்தம் 6144 பிட், அதாவது 768 பைட். விளையாட்டு எழுத நினைப்பவர் முதலில் மோதிக்கொள்வது இந்த 768-இல்தான். பத்துத் திரை அகலத்துக்கு ஓர் உலகம் வேண்டுமென்றால் படமாகவே வைத்துக்கொள்ள 7680 பைட் ஆகும். பயனருக்குக் கிடைக்கும் ராமோ ஏறக்குறைய 24 கிலோபைட்தான்.

இதற்கான விடையை வீடியோ விளையாட்டுகள் கால்குலேட்டருக்கு வெகுகாலம் முன்பே கண்டுவிட்டன. 1980-இல் வந்த பேக்-மேன் ஓடியதும் ஓர் இசட்80-இல்தான். அதன் திரை 28-க்கு 36 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 8-க்கு 8 புள்ளி. உலகை வரைந்து வைக்க வேண்டாம். சுவர், தரை, கதவு, மரம் என்று சில கட்டங்களை மட்டும் வரைந்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்தக் கட்டம் என்ற எண்களை மட்டும் எழுதிவைத்தால் போதும். கால்குலேட்டர் திரையில் குறுக்கே 12 கட்டம், நெடுக்கே 8 கட்டம், ஆக 96 கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு பைட். திரை முழுதும் 96 பைட்டுக்குள் அடங்கிவிடும். பத்துத் திரைக்கும் 960 பைட்தான். 1990-களில் பாண்டி பஜார் நடைபாதையில் விற்ற பிரிக் கேம் பொம்மையை வைத்து விளையாடியவர்களுக்கு இந்த உலகம் புதிதில்லை. குறுக்கே 10, நெடுக்கே 20 என்ற அந்தக் கட்டங்களுக்குள்தான் காரும் ஓடியது, பாம்பும் ஊர்ந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு கட்டத்தின் படம் 8 பைட். ஐந்தாம் எண் கட்டத்தின் படம் எங்கே இருக்கிறது? ஐந்தை எட்டால் பெருக்கி, படங்கள் தொடங்கும் முகவரியோடு கூட்டினால் தெரியும். எட்டால் பெருக்கக் கட்டளை கிடையாது. ஆனால் டாட் எச் இருக்கிறது. எச்எல்லை எச்எல்லோடு கூட்டினால் இருமடங்கு. மூன்று முறை கூட்டினால் எட்டு மடங்கு. 29, 29, 29. லேப்பில் அட்டவணையைப் பார்த்து எழுதிய அந்தக் கட்டளை எதற்காகப் பிறந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்து, எடுத்த படத்தைத் திரைக்கான நினைவகத்தில் வைக்க வேண்டும். முதல் பைட்டை வை, 12 தள்ளி இரண்டாவதை வை, இன்னும் 12 தள்ளி மூன்றாவதை வை. திரையின் ஒரு வரி 12 பைட் என்பதால் 12 தள்ளினால் நேர்கீழே வந்துவிடுவோம்.

நான் முதலில் 12-க்குப் பதில் 1 தள்ளினேன். வரைந்தது ஒரு சின்ன வீடு. திரையில் வந்தது குறுக்கே கிடந்த ஒரு விட்டுவிட்ட கோடு. பார்த்த நொடியே தெரிந்தது, பைட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன என்று. இன்னொரு நாள் மூன்று 29-இல் ஒன்றை விட்டுவிட்டேன். வீட்டின் கீழ்ப்பாதி மேலேயும் மரத்தின் மேல்பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டு வந்தன. எட்டுக்குப் பதில் நான்கால் பெருக்கியிருக்கிறேன் என்பதை அந்தப் படமே சொல்லிக்கொடுத்தது.

ஆசிரியர்களே, இந்த மடலின் மையம் இதுதான். கூட்டல் கணக்கில் பிழை ஒரு தவறான எண்ணாக வரும், வாய் திறக்காது. படத்தில் பிழை தன் உருவத்தோடு வந்து நிற்கும். எங்கே பிறந்தேன் என்று தானே சொல்லும். அசெம்பிளி கடினம் என்று மாணவர்கள் அஞ்சுவதற்குப் பெரிய காரணம், நாம் அவர்களுக்குத் தரும் பயிற்சிகளில் பிழைகள் ஊமையாக இருப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பாடம் நம் வீட்டு வாசலில் தினமும் நடக்கிறது. என் அம்மா சிக்குக்கோலம் போடும்போது எழுந்து நின்று ஒருமுறை பார்ப்பாள். எங்கோ ஒரு புள்ளியில் கம்பி தப்பாகத் திரும்பியிருந்தால் நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிடும். விரலால் பின்தொடர்ந்து பார்க்க வேண்டியதே இல்லை. மார்கழியிலும் தையிலும் வடக்கு மாட வீதியில் வரிசையாக உட்கார்ந்து கோலம் போடுபவர்களைக் கவனியுங்கள். முதலில் புள்ளி, பிறகு கம்பி, நடுநடுவே ஒரு நிமிர்ந்த பார்வை.

கோலத்துக்கும் கணினிக்கும் இருக்கும் உறவை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதைக் கண்டவர்கள் நம் ஊர்க்காரர்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களை அணி இலக்கணங்களால் உருவாக்கும் முறையைச் சொன்னது. வாக்கியங்களைப் பிறப்பிக்க விதிகள் இருப்பதுபோல, குறுக்கும் நெடுக்குமாக விரியும் படங்களைப் பிறப்பிக்கவும் விதிகள் வகுக்கலாம் என்பதே அதன் சாரம். கமலா கிருத்திவாசன் பின்னாளில் ஐஐடி மெட்ராஸில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தார். பேக்-மேன் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு சென்னையில் நடந்த வேலை இது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

இப்போது சிக்குக்கோலத்தை ஒரு 8085 நிரலாளரின் கண்ணால் பாருங்கள். நேர்வரிசைப் புள்ளிக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பக்கத்திலும் அண்டைப் புள்ளிகள். ஒரு பக்கத்தில் கம்பி அடுத்த புள்ளியோடு பின்னிக்கொள்ளும், அல்லது பின்னாமல் வளைந்து திரும்பிவிடும். இரண்டில் ஒன்றுதான். நான்கு பக்கம், நான்கு பிட், 16 வடிவங்கள். வடக்குக்கு 1, கிழக்குக்கு 2, தெற்குக்கு 4, மேற்குக்கு 8 என்று வைத்துக்கொண்டால், எங்கும் பின்னாத புள்ளி 0. அதைச் சுற்றி வெறும் வட்டம். நான்கு பக்கமும் பின்னிய புள்ளி 15. ஒரு பக்கம் மட்டும் பின்னினால் நீர்த்துளி வடிவம். திருப்பிப் பார்த்தால் ஒன்றாகத் தெரிபவற்றைச் சேர்த்துவிட்டால் 16-உம் ஆறே வடிவங்களாகச் சுருங்கிவிடும். கோலம் போடும் கைகளுக்கு அந்த ஆறும் பழக்கமானவை.

என் வேண்டுகோள் இந்த 16 கட்டங்களைப் பற்றியது. உங்கள் கிட்டோடு 8255 இணைப்புச் சிப் இருக்கிறது. ரிச்சி தெருவில் 128-க்கு 64 புள்ளி எல்சிடி கிடைக்கும். கேஎஸ்0108 வகைக் கட்டுப்படுத்தி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அதற்குத் தேவை 8 தரவு இணைப்புகளும் 6 கட்டுப்பாட்டு இணைப்புகளும். 8255-இல் 24 இருக்கின்றன. அந்த எல்சிடியின் உள் அமைப்பே எட்டுப் புள்ளி உயரமுள்ள எட்டுப் பட்டைகளாக இருப்பதால் கட்டம் வைப்பது இன்னும் எளிது. பட்டையைச் சொல், நெடுவரியைச் சொல், 8 பைட்டை வரிசையாக அனுப்பு. ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும், இங்கே ஒரு பைட் என்பது மேலிருந்து கீழாக நிற்கும் எட்டுப் புள்ளி. குறுக்கே 16 கட்டம், நெடுக்கே 8 கட்டம், மொத்தம் 128. இடப்பாதிக்கு ஒரு சிப், வலப்பாதிக்கு ஒரு சிப்.

கோலத்தின் எண்களை 4500-இலிருந்து வையுங்கள், 128 பைட். 16 வடிவங்களின் படங்களை 4580-இலிருந்து வையுங்கள், அதுவும் 128 பைட். எல்லாம் சேர்த்து 256 பைட்டோடு முடிந்தது. ஒரு வரிசையில் 16 புள்ளி இருப்பதால் ஓர் அழகான காரியம் நடக்கிறது. 4535 என்ற முகவரியில் இருப்பது எது? 3-ஆம் வரிசை, 5-ஆம் புள்ளி, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால். முகவரியின் கடைசி இரண்டு இலக்கங்களே கோலத்தில் அந்தப் புள்ளியின் இடம். பதினாறடிமான எண்களை ஏன் கற்கிறோம் என்று முதலாண்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடையை நான் பார்த்ததில்லை. ஒரு செமஸ்டர் முழுதும் மனப்பாடமாகத் தட்டிய 4500, கோலத்தின் முதல் புள்ளியாகிவிடும்.

பிழைகளும் கோலத்திலேயே தெரியும். என் கிழக்கு பிட் 1 என்றால் அடுத்த புள்ளியின் மேற்கு பிட்டும் 1 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பி பாதியில் அறுந்து நிற்கும். வகுப்பில் யாரும் அதைச் சுட்டிக்காட்டத் தேவையிருக்காது. தேர்ந்த மாணவர்களுக்கு இன்னும் ஒரு படி உண்டு. கோலத்தின் கால் பாகத்தை மட்டும், அதாவது 32 பைட்டை மட்டும், கையால் கொடுத்துவிட்டு மீதியை நிரலே பிரதியெடுக்கட்டும். இடம் வலமாகும்போது கிழக்கு பிட்டும் மேற்கு பிட்டும் இடம் மாற வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அதற்கு அடுத்த வகுப்பில் அதே கோலம் ஒரு விளையாட்டாகலாம். ஒரு புள்ளியில் ஒரு ஆளை நிறுத்துங்கள். கம்பி பின்னிய பக்கம் வழி திறந்திருக்கிறது, பின்னாத பக்கம் சுவர். கிழக்கே போகப் பொத்தானை அழுத்தினால், அவன் நிற்கும் முகவரியில் உள்ள எண்ணை எடுத்து 2-ஆல் ஏஎன்ஐ செய்தால் போதும். பூஜ்ஜியம் வந்தால் போக முடியாது. வழி இருந்தால் முகவரியில் 1 கூட்டு. தெற்கே என்றால் 16 கூட்டு. கட்ட விளையாட்டுகள் எல்லாவற்றின் அடியிலும் இருப்பது இந்தச் சின்ன உண்மைதான். ஆள் சுவரில் மோதுகிறானா என்று நிரல் படத்தைப் பார்ப்பதில்லை, எண்களைப் பார்க்கிறது. படம் மனிதருக்கு, எண் நிரலுக்கு. இந்தப் பிரிவினையைக் கையால் ஒருமுறை செய்தவர், பின்னாளில் எந்தப் பெரிய மென்பொருளைத் தொட்டாலும் இதை அடையாளம் கண்டுகொள்வார்.

நீங்கள் எழுப்பக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரியும். 8085 பழையதாகிவிட்டதே என்பது முதல் கேள்வி. பழையதுதான். ஆனால் கட்டத்தின் எண்ணை எட்டால் பெருக்கிப் படத்தைத் தேடும் கணக்கு எந்தச் செயலியிலும் அதே கணக்கு. ஐஐடி மெட்ராஸ் ரிஸ்க்-5 அடிப்படையில் வடிவமைத்த சக்தி செயலியின் சிப் ஒன்று 2018-இல் சண்டிகரில் உருவானது. நம் ஊரிலேயே செயலி வடிவமைக்கும் காலத்தில், முகவரி என்றால் என்ன என்று விரல்நுனியில் உணர்ந்தவர்கள் நமக்கு முன்னைவிட அதிகம் தேவை. அசெம்பிளியில் இந்தக் கோலத்தைப் போட்டவர் ரிஸ்க்-5-இல் அதையே ஒரு வாரத்தில் போட்டுவிடுவார்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பது இரண்டாம் கேள்வி. புதிய பாடம் எதையும் நான் கேட்கவில்லை. நினைவகப் பெயர்ப்பு, அட்டவணை தேடல், 8255 இணைப்பு ஆகிய மூன்றும் இதற்குள்ளேயே இருக்கின்றன. தனித்தனியாகச் செய்ததை ஒரு கோலமாகச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

காப்பி அடிப்பார்களே என்பது மூன்றாம் கேள்வி. ஏறுவரிசை நிரலில் அறுபது பேருக்கும் ஒரே ரெக்கார்ட் இருக்கும். கோலத்தில் அறுபது பேருக்கு அறுபது கோலம் கேட்கலாம். வைவாவில் ஒரே கேள்வி போதும்: "இந்தப் புள்ளியையும் அதன் கிழக்குப் புள்ளியையும் பிரித்துக் காட்டு." எழுதியவருக்கு இரண்டு பைட்டை மாற்றும் வேலை. எழுதாதவர் எங்கே கை வைப்பதென்று தெரியாமல் நிற்பார்.

கால்குலேட்டரின் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பகுதியும் இருக்கிறது. 1992-இல் வந்த டிஐ-85-இல் இயந்திரக் குறியீட்டை ஓட்ட நிறுவனம் வழி எதுவும் தரவில்லை. நினைவகப் பிரதியைக் கணினியில் எடுத்து, அதில் சில பைட்டுகளை மாற்றி, மறுபடி ஏற்றி, பயனர்களே அந்தக் கதவைத் திறந்தார்கள். பின்னால் வந்த மாதிரிகளில் நிறுவனமே வழி செய்து கொடுத்தது. ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கு வகுப்புக்கு வாங்கிய கருவியில் அசெம்பிளி கற்றார்கள். 2020-இல் தேர்வு முறைகேடு பற்றிய அச்சத்தால் டிஐ-84 பிளஸ் சிஇ மாதிரிகளுக்கான புதிய இயங்குதளப் பதிப்பில் அசெம்பிளி நிரல்களுக்கான ஆதரவை நிறுவனம் நீக்கியது. தேர்வு அறையின் கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கவலையால் ஒரு கதவு மூடும்போது வேறொரு கதவாவது திறந்திருக்க வேண்டும். லேப்புக்குத் தேர்வு அறையின் அச்சங்கள் கிடையாது. அங்கே கிட்டைத் திறந்து பார்க்கலாம், தப்பு செய்யலாம், ரீசெட் அழுத்தலாம். கால்குலேட்டரில் என் நிரல் தடம் புரண்டபோதெல்லாம் நினைவகம் முழுதும் அழிந்து வெறும் திரை வந்திருக்கிறது. அழிந்ததை மறுபடி தட்டித் தட்டித்தான் எனக்கு அந்த எண்கள் மொழியாயின.

அடையாறிலும் கடற்கரைச் சாலைப் பக்கமும் ஐபி பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் கணிதத்துக்கு வரைபடக் கால்குலேட்டர் வாங்க வேண்டியிருக்கிறது. படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் அது மேசை இழுப்பறைக்குப் போய்விடுகிறது. அப்படி ஒன்று உங்கள் மாணவர்களின் உறவு வட்டத்தில் இருந்தால் கேட்டு வாங்கி லேப்பில் வையுங்கள். பழைய டிஐ-83 பிளஸ், டிஐ-84 பிளஸ் என்றால் இன்னும் நல்லது, உள்ளே இசட்80 இருக்கும். கிட்டில் எழுதியதன் பெரும்பகுதி அதிலும் ஓடும் என்பதை மாணவர்கள் தாங்களே தட்டிப் பார்க்கட்டும்.

எந்தக் கல்லூரி அழைத்தாலும் ஒரு சனிக்கிழமை வந்து மாணவர்களோடு உட்காரத் தயாராக இருக்கிறேன். இந்தச் செமஸ்டரில் ஒரே ஒரு பேட்சுக்கு மட்டும் முயன்று பாருங்கள். எல்சிடியை இணைத்துக் கொடுங்கள், 4500-இல் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் வரும் கோலம் பெரும்பாலும் அறுந்துதான் வரும். அப்போது திருத்த அவசரப்படாமல் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும் பெண், திரையைப் பார்த்து, விரலால் புள்ளியை எண்ணி, "மூணாவது வரிசை, அஞ்சாவது புள்ளி, 4535-ல தப்பு சார்" என்று தானே சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் பழைய மாணவிகளில் ஒருத்தி,
மயிலாப்பூர், சென்னை.